நாற்றம் நின்ற குழி

எங்கள் ஆலையில் சோப்பு இலவசம். எவ்வளவு தேய்த்தாலும் கொழுப்பு வாடை போகாது. இப்போதும் என் மேல் அடிக்கிறது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா.

எலும்பும் குடலும் உருக்குகிற ஆலை அது. கழிவுக் குழியைச் சுரண்டுவது என் வேலை. முழங்கால்வரை புழு நெளியும் சேறு. அதிலிருந்து கரையேற ஒரே வழி பயிற்சியாளர் பதவி. காய்ந்த தரை, மேசை, நாற்காலி. மனிதவள மேடம் நல்லவர். சாப்பாட்டு வேளையில் வகுப்பு நடத்தி, நரை விழுந்த பிறகு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கற்றவனுக்கும் உயர்வு, கற்பித்தவனுக்கும் உயர்வு என்பார்.

என் மனைவியின் அண்ணனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். எச்சில் தெறிக்கத் தெறிக்கச் சிரிப்பான். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவன் பக்கத்தைப் புரட்டியிருப்பான்.

"மாப்ளே, வரி ஓடிடப் போகுது, புடிச்சு வச்சுக்கோ."

வகுப்பே சிரிக்கும். கடைசியில் அவனைத்தான் பயிற்சியாளர் ஆக்கப்போவதாக மேடம் சொன்னார். குழி வேலை ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி, அதையும் நீங்களே கற்றுக்கொடுத்துவிடுங்கள் என்றார்.

கற்றுக்கொடுத்தேன். எப்படி இறங்குவது, எங்கே கால் ஊன்றுவது, வாளியை எப்படிக் கட்டுவது, எல்லாம். ஒன்றைத் தவிர. குழிக்குள் நாற்றம் சட்டென்று நின்றுபோனால், விஷவாயு மூக்கைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே ஏறிவிட வேண்டும். இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒருமுறை மயங்கப்போய்த் தப்பித்த எனக்கு மட்டும் தெரியும்.

நான் மேலே நின்றேன். உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"மாப்ளே, நாத்தமே தெரியல. மூக்கு பழகிடுச்சு போல."

"பழகினா அப்படித்தான் மச்சான். மெதுவா வேலையப் பாருங்க."

குப்புற விழுந்தான். முகமூடி போட்டவர்கள் வந்து தூக்கியபோது வாய் நிறையச் சேறு. என் விரலால்தான் தோண்டி எடுத்தேன். புழு ஒன்று நகத்தில் ஒட்டிக்கொண்டது. வாந்தி எடுத்தேன். துக்கம் தாளவில்லை என்று நினைத்து முதுகைத் தடவினார்கள்.

எங்கள் ஆலையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாரக் கூட்டத்தில் நம் தவறை நாமே எழுந்து சொன்னால் தண்டனை கிடையாது. மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள். எழுந்தேன். அந்த ஒன்றை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மனசுதாங்க நமக்கு வேணும்."

கைதட்டினார்கள். பதவி எனக்கு வந்தது.

நான் மறக்கவில்லை, ஐயா. நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவளுக்குப் புரியவில்லை. அதன்பிறகு குழியில் ஓர் உயிரும் போகவில்லை. நாற்றம் நின்றால் ஏறி வா என்று புதிதாக வந்த ஒவ்வொருவனுக்கும் நான்தான் சொல்லித்தந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் ஒருவன்தான் கற்றிருப்பான்.