இடது மார்பில் ஒரு பதக்கம்

மாலை நாலரை மணி. டிசம்பர் மாதம், அதனால் கும்மிருட்டு. யார்க்‌ஷையரின் பொட்டல் மேட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற சாலையில் ஒரே ஒரு கார்... ட்ரெவரின் தங்கை புருஷன் நைஜல் ஹெப்வொர்த்துடையது. ட்ரெவர், கதவைச் சாத்திவிட்டு இப்படி வந்து உட்கார். உன் குடும்பத்துக் கதைதானே, ஏன் முகம் வெளிறுகிறது?

நைஜலுக்கு விக்டோரியா ராணி காலத்துப் படைப் பதக்கங்கள் என்றால் உயிர். அவற்றின் விளிம்பில் சிப்பாயின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கல்லறை கல்லறையாக அலைவான். அவன் பெண்டாட்டி ஜூடித் சும்மா இருப்பாளா?

"செத்த சிப்பாய்ங்க மேல இருக்குற அக்கறையில கால்வாசி என் மேல வையேன், நைஜல்."

அன்று அவன் கையில் ஏமஸ் டின்ஸ்டேல் என்ற சிப்பாயின் கிரிமியப் போர்ப் பதக்கம். போரில் தப்பியவன் ஏமஸ். ஊர் திரும்பிய பிறகு, பாசறைக் காவலில் கண்ணயர்ந்தான் என்று இருட்டறையில் போட்டுப் பூட்டினார்கள். ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டினானாம். விடிவதற்குள் செத்துப்போனான். அந்தப் பாசறையின் இடிந்த சுவர் இந்தச் சாலையோரம்தான் நிற்கிறது.

"பாத்துட்டு வா. ஆனா அத எடுத்துக் குத்திக்காத" என்றுதான் ஜூடித் அனுப்பினாள். தன்னுடைய பதக்கம் இடது மார்பில், செத்துப்போன அப்பன் பாட்டனுடையது வலது மார்பில். நம் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். நைஜலுக்குத் தெரியாதா? ஆனால் ஆசை யாரை விட்டது! சுவர் முன்னால் நின்று, கோட்டின் இடது பக்கம் குத்திக்கொண்டு, ஒரு படம் எடுத்தான்.

காரில் ஏறினான். எஞ்சின் இருமியது... அடங்கியது. நான்கு கதவும் 'டக்'. திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. உள்ளே ஒரு வாடை... ஈரச் சுண்ணாம்பு, மக்கிய வைக்கோல், மூத்திரம்.

வெளியே சரளைக்கல்லில் பூட்ஸ். சரக்... சரக்... பக்கத்தில் வந்து நின்றது. பூட்டிய காருக்குள், அவன் மார்பில் இருந்த பதக்கத்தை யாரோ விரலால் தூக்கினார்கள். விளிம்பைப் படிப்பதுபோல அது மெல்லத் திரும்பியது.

"பேரு?"

உண்மையைச் சொன்னால் திருடன் என்பார்களே... வீட்டுக்குப் போனால் போதும், ஜூடித் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பதக்கத்தில் இருந்த பெயரையே சொல்லிவிட்டான்.

"டின்ஸ்டேல், ஐயா. ஏமஸ் டின்ஸ்டேல்."

எங்கோ ஒரு கனத்த தாழ்ப்பாள் விழுந்தது.

ஜூடித்தும் ட்ரெவரும் தேடிப் போனபோது, அவன் காருக்கு வெளியே விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். காரோ பூட்டிக் கிடந்தது. உள்ளே யாருமில்லை.

"நைஜல்! ஏய், நைஜல்!"

திரும்பவே இல்லை. ஜூடித் கைவிளக்கைப் பதக்கத்தின் மேல் அடித்தாள். என்ன தோன்றியதோ, மெல்ல "டின்ஸ்டேல்?" என்றாள். உடனே திரும்பினான்.

"கதவத் தொறந்து விட்டுட்டாங்கம்மா."

அந்த ஆள் இப்போதும் ஜூடித் வீட்டில்தான் இருக்கிறான். டீ கொடுத்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் குடிக்கிறான். எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை.

கார் ட்ரெவரின் கொட்டகையில் நிற்கிறது. எந்தப் பூட்டுக்காரனாலும் திறக்க முடியவில்லை. கண்ணாடியை உடைக்கப் போன சுத்தியல்தான் உடைந்தது. ஆனால் உள்பக்கம் மூச்சு படிந்து கண்ணாடி மங்கும். அப்புறம்... டொக். டொக். ஜூடித் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, வெளியிலிருந்து பதிலுக்குத் தட்டுவாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

நேற்று ராத்திரி தட்டல் மெலிந்துவிட்டது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் நின்ற அந்த ஆள் அவள் தோளைத் தொட்டு, ரொம்பப் பரிவாகச் சொன்னானாம்:

"அழாதீங்கம்மா. விடியறதுக்குள்ள நின்னுடும். எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு."