டிராவலில் ராகு காலம்

திங்கட்கிழமை காலை, தாம்பரம் ஸ்டேஷனில் பீச் ரயில் கிளம்பக் காத்திருந்தது. எதிர் சீட்டில் கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு பெண். அவள் பக்கத்தில், மடியில் விடைத்தாள் வைத்துத் திருத்திக்கொண்டிருந்த ஒரு டீச்சர்.

“ராகு காலத்தை டிராவல்ல போட்டுட்டேன்கா” என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகு என் பேப்பரில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

“ஏன்டி, ஜோசியத்துலதானே வரணும்?”

“எல்லாரும் அங்கதான் போடுவாங்க. எங்க ஆப் ஸ்டோர்ல ஆயிரக்கணக்குல ஆப் கிடக்குது. எதை எந்தத் தலைப்புல வைக்கறதுன்னு பிரிக்கறதுதான் என் வேலை. எங்கம்மா ராகு காலத்தை எப்பப் பாப்பாங்கன்னு யோசிச்சேன். செருப்பு மாட்டும்போதுதான். அப்ப அது பஸ் டைம், ரயில் டைம் பக்கத்துலதானே இருக்கணும்?”

டீச்சர் பேனாவை மூடிவிட்டார். “அடேயப்பா! உங்க மேனேஜர் ஒத்துக்கிட்டாரா?”

“அவர் வெளிநாட்டுக்காரர்கா. ராகு யாரு, எந்த டீம்னு கேட்டார். இன்னிக்குப் பதினொரு மணி மீட்டிங்லதான் முடிவு. வேணாம்னுட்டா திரும்ப ஜோசியத்துக்கே போயிடும்.”

“பதினொரு மணிக்கா? இரும்புலியூர்லேர்ந்து ஏன் இவ்ளோ சீக்கிரம் கிளம்பின?”

“ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம்கா. அதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டேன்.”

“உனக்கு இதெல்லாம் பாக்கற பழக்கமே கிடையாதேடி!”

“பஸ் டைம் பாக்கத்தான் போனேன். பக்கத்துலயே இருந்துது.”

டீச்சர் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “மீட்டிங்ல இதை மட்டும் சொல்லு. போதும்.”