அத்தான் எழுதிய கோப்பு

எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அழிந்த ஹார்ட் டிஸ்க்கை மீட்டெடுக்கிறவர் நீங்கள்; மறைக்காமல் சொன்னால்தான் வேலை நடக்கும் என்றீர்கள். சொல்கிறேன். அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாள், கதவைச் சாத்திவிடுங்கள்.

அக்கா வீட்டு சர்வரை அமைத்தவர் அவள் கணவர், என் அத்தான். படங்கள், பாட்டு, குரல் பதிவுகள் என்று ஒவ்வொன்றுக்குமான மென்பொருளைத் தனித்தனி கன்டெய்னரில், டப்பா டப்பாவாக அடைத்து, எல்லாவற்றையும் சேர்த்து இயக்க ஒரே கம்போஸ் கோப்பை எழுதி வைத்திருந்தார். போன வருடம் போய்ச் சேர்ந்தார். கோப்பு மட்டும் போகவில்லை. "அவர் கை பட்டதுடா, ஒரு நாள் மக்கர் பண்ணல" என்பாள் அக்கா. நானும் இதே தொழிலில்தான் குப்பை கொட்டுகிறேன். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

டப்பா எதற்கு என்றேன். இயங்குதளமே நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் சர்வீஸ்களாக மாற்றிவிட்டால், மின்சாரம் போய் வந்தாலும் தானே எழுந்துகொள்ளும். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"அவர் பேசினதெல்லாம் பத்திரமா இருக்குமாடா?" என்றாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அத்தான் அவளுக்காகப் பேசி வைத்தவை. காலையில் பல் தேய்த்ததும் கேட்பாள்.

"அப்புறம் நான் எதுக்குக்கா இருக்கேன்?" என்றேன்.

படங்களை மாற்றினேன், பாட்டை மாற்றினேன். குரல் பதிவுகள் மட்டும் தங்கள் கன்டெய்னரோடு ஒட்டிய சேமிப்பில் கிடந்தன. கன்டெய்னரோடு அந்தச் சேமிப்பையும் சேர்த்து நீக்கினால் அவையும் போய்விடும். அத்தான் விட்ட ஒரே கோட்டை. மேதாவி மாட்டிக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவிடம் காட்டியிருக்கலாம். காட்டினால், "அந்த நிலைமையிலயும் எனக்காக உக்காந்து பண்ணாரே" என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுவாள்.

நகலெடுக்காமல், சேமிப்போடு சேர்த்து நீக்கினேன். கை தவறவில்லை. அத்தான் எடுத்து வைத்த பேக்கப் ஒன்று அலமாரியில் இருந்தது. பழைய முறை, புது அமைப்புக்கு ஒத்துவராது, அதையும் அழித்தேன். பிறகு, அழிந்ததை யாரும் மீட்டெடுக்க முடியாதபடி, டிஸ்க்கின் காலி இடம் முழுக்கப் பூஜ்ஜியமாக எழுதி நிரப்பினேன். நீங்கள் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆகவே வீணாக மெனக்கெடாதீர்கள். "உங்க வீட்டுக்காரர் வெச்சிருந்த விதம் சரியில்லம்மா" என்று சொல்லி அனுப்புங்கள். அழுதால் தேற்ற நான் இருக்கிறேன். புது சர்வீஸ்கள் எல்லாம் ஜம்மென்று ஓடுகின்றன. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நீங்களாவது ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள்.