தெரியாமல் ஏற்றிய சரக்கு

ஹைட்டியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் பீப்பாயை அடுக்கும்போது அவசரப்படக் கூடாது. அரிசியை அடியில் போட்டு, எண்ணெய் டப்பாக்களை நடுவில் நிறுத்தி, இடுக்குகளில் சோப்பையும் காலுறைகளையும் திணிக்க வேண்டும். மேலே பழைய துணிகளைப் பரப்பி, வீட்டில் யார் கனமான ஆளோ அவரை ஏறி மிதிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான். மயாமியில் இருக்கும் எந்த ஹைட்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார், இப்படி மிதித்து மூடிய பீப்பாயை உருட்டினால் உள்ளே ஒன்றும் அசையாது.

எங்கள் படகுத்துறைக்கு அசைகிற பீப்பாய்களும் வந்தன.

அவற்றில் துப்பாக்கிகள் இருந்தது தெரியுமா என்றுதான் விசாரணைக்கு வந்த நீங்கள் முதலில் கேட்டீர்கள். விஸ்னர் எப்படிச் செத்தான் என்பதை அப்புறம் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆனால் அதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

கேப்டன் தெலுஸ்மாவின் சரக்குக் கம்பெனியில், சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பயிற்சி கொடுக்க வந்த வக்கீல் தெளிவாகப் பேசினார். தடை செய்த பொருளை ஏற்றிக்கொண்டு போனால், தெரியாமல் ஏற்றியிருந்தாலும் கப்பல்காரருக்கு அபராதம் உண்டு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது, கட்டியது நாங்கள் இல்லை என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. தெரிந்தே ஏற்றினால் சிறை.

"அப்போ நாம வெறும் வண்டிக்காரங்கன்னு சொன்னா விட மாட்டாங்களா?" என்று கேப்டன் கேட்டார்.

"மாட்டாங்க சார்" என்றார் வக்கீல். "அதனாலதான் திறந்து பாருங்கன்னு சொல்றேன். ஏதாவது கிடைச்சா நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அபராதமும் குறையும்."

அவர் கிளம்பிய பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். திறந்து பார்க்காவிட்டால் என்றாவது ஒருநாள் அபராதம் வரலாம். திறந்து பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்தவரைத்தான் சிறைக்கு அனுப்புகிறார்கள். தெரியாமையைச் சட்டம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாதபோது, அதை வைத்துக்கொள்வதில் நமக்கும் நஷ்டம் இல்லை என்று பட்டது. துறைக்கு வரும் பீப்பாய்களை இனி யாரும் திறக்கக் கூடாது என்று மறுநாள் உத்தரவு போட்டேன். ஒரு தாய் தன் குடும்பத்துக்கு அனுப்புவதை அந்நிய ஆண்கள் கிளறுவது மரியாதை இல்லை என்று காரணம் சொன்னேன். துறையில் பெண்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒருத்தி பூசணி சூப் கொண்டுவந்து கொடுத்தாள்.

விஸ்னர் எங்களிடம் பீப்பாய் உருட்டுகிறவன். நல்ல பையன், வாய் மட்டும் நீளம்.

"கிஸ்லேன் அக்கா, இந்தப் பீப்பாயில சோப்புன்னு எழுதியிருக்கு. இந்தச் சோப்பக் கண்டா எங்க ஊரு போலீஸே ஓடுவான்" என்பான்.

"டேய், உனக்குச் சம்பளம் உருட்டறதுக்கா, எக்ஸ்ரே எடுக்கறதுக்கா?" என்பார் கேப்டன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த நேரத்தில் பீப்பாயைப் பார்க்க மாட்டேன்.

ஒரு மத்தியானம் அவன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். கையெல்லாம் அரிசி மாவு.

"திறந்துட்டேன் அக்கா. திட்டாதீங்க. அரிசிக்கு அடியில எல்லாம் பெரிய துப்பாக்கி, கழட்டிக் கழட்டி வச்சிருக்கானுங்க."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. மூடிட்டேன். அக்கா, யாருக்குப் போகுதுன்னு போட்டிருக்கிற பேரப் பாத்தேன். எங்க தெருக்காரன். முக்குல தடுப்பு போட்டு உக்காந்திருப்பானே ரவுடிக் கும்பல் தலைவன், அவனோட மச்சான். எங்க அம்மா தண்ணி எடுக்க அந்த வழியாத்தான் போகணும். போலீஸுக்குச் சொல்லுங்க அக்கா. ஆனா என் பேரு வெளிய வரக் கூடாது. வந்தா, நான் ஊருக்குப் போற அன்னிக்கே முடிச்சிருவானுங்க."

அவனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

ஊழியருக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்த மாதிரி. இதுவும் வக்கீல் சொன்னதுதான். ஆகவே விஸ்னரை அன்று காலையிலேயே வேலையை விட்டு நீக்கியதாக முடிவு செய்தேன். மத்தியானம் பீப்பாயைத் திறந்தவன் வெளியாள். வெளியாளுக்குத் தெரிந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? பீப்பாய் சாயங்காலப் படகில் போனது. அந்தப் பெயருக்குரியவரிடம் முன்னெச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். வாடிக்கையாளருடைய மூடியைப் பழைய ஊழியர் ஒருவர் திறந்துவிட்டார், வருந்துகிறோம் என்றேன். யார் என்று கேட்டார். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்வது எங்கள் வழக்கம்.

அதன் பிறகும் விஸ்னர் துறை வாசலில் வந்து நின்றான். "போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா அக்கா?" என்று தினமும் கேட்டான். எனக்குத் தெரியும் என்பதை அவன் எல்லோர் காதிலும் போட்டுவிடுவான் போலிருந்தது. இந்த நாட்டில் தங்க அவனுக்கு இருந்த அனுமதி முடிந்துவிட்டது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் உட்கார்ந்து அவனே சொல்லியிருக்கிறான். உரிய அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தேன். பெயர் கேட்டார்கள். அவன் பெயரைச் சொன்னேன். என் பெயரைக் கேட்டபோது, அக்கறையுள்ள ஒருவர் என்றேன்.

அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அவன் தெரு முனைவரைக்கும் போனானாம். அம்மா வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அவனுக்கு இப்படி நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போன் செய்தேன், அவ்வளவுதான். சுட்டவர்கள் வேறு யாரோ. உங்கள் சட்டத்தில் கப்பல்காரருக்கு மட்டும்தான் தெரியாமல் செய்த குற்றம் உண்டு. எனக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அவன் அம்மாவை நான் அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு என் கையாலேயே ஒரு பீப்பாய் அடுக்கினேன். அரிசி, எண்ணெய், கருவாடு, மெழுகுவர்த்தி, நல்ல சோப்பு. மகனைப் பறிகொடுத்தவள் கடைகடையாக அலையக் கூடாது என்று, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணியும் தாராளமாக வைத்தேன். நானே ஏறி மிதித்து மூடினேன். விஸ்னரின் விமானம் கிளம்புவதற்கு முந்தின வாரமே அது படகில் போய்விட்டது.