தூக்கி விட ஆளு

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்தப் பாறை சுடும், இங்கன நெழலுக்கு வாங்க. செடி எண்ண வந்த ஆளுதான? பையும் தொப்பியுமா மேல போறப்பவே பாத்தேன். செத்த இருங்க, செடி எங்கயும் ஓடிப்போயிராது.

இந்தக் கட்டா? என்னுதுதான். பச்சக் கொப்பு ஒண்ணு கெடையாது, வேணும்னா ஒடிச்சுப் பாருங்க. காஞ்சது பொறுக்கிக்கலாம்னு ஊரு வனக் கமிட்டியில சொல்லித்தான் வாரேன். மம்சாபுரத்துல இருந்து இப்ப வெறகுக்கு வாரது நான் ஒருத்திதான்.

ஆமா, அதான பாடு. பொறுக்கிரலாம், கட்டிரலாம், தலைக்கு ஏத்த இன்னொரு ஆளு வேணும்லா. அதுக்குத்தான் சோடி சேந்து வாரது. எனக்குச் சோடி சுடலையம்மா. அவ நல்ல ஒசரம், நான் குட்டை. எனக்குத் தூக்கி விட்டுட்டு, தன் கட்ட மரத்துல சாச்சு நிறுத்தி, குனிஞ்சு தலையக் குடுத்து எந்திரிச்சிருவா. எனக்கு அது வராது. குப்புற விழுந்து மூக்கு பேந்ததுதான் மிச்சம்.

சிரிங்க, சிரிங்க. அவளும் இப்படித்தான் சிரிப்பா.

சாமர்த்தியக்காரி தம்பி அவ. அணிலுக்கு ஒதுக்குன காடுன்னு போர்டு நட்ட புதுசுல ஒரு பாரஸ்ட் கார்டு மறிச்சாரு. எறக்குங்கட்டி கட்டன்னாரு. எங்க கை எட்டலய்யா, நீங்களே எறக்கிக்கோங்கன்னா. அவரு மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையோட ரெண்டு கையையும் குடுத்தாரு பாருங்க, அம்புட்டு முசுறு எறும்பும் சட்டைக்குள்ள! கூட்டோட ஒரு கொப்ப உள்ள செருகி வச்சிருக்கா படுபாவி. அவ கழுத்தெல்லாம் தடிச்சுப்போச்சு, மூஞ்சி கோணலயே.

பொறவு கமிட்டி வந்துச்சு. வெறகு வெட்டப்புடாது, பதிலுக்குக் கறவமாடு தாரோம்னாக. நல்லதுதான், குத்தம் சொல்லல. கூட வந்தவள்லாம் மாட்டப் பிடிச்சுக்கிட்டு ஊருல நின்னுட்டாளுக. எனக்கா? மாடு கட்ட எடத்தக் காட்டுன்னாக. நான் கால நீட்டுனாலே செவுத்துல இடிக்கும், மாட்ட எங்கன கட்ட? சுடலைக்கு எடம் கெடந்துச்சு. வேண்டாம்னுட்டா. ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சான்னேன். மாட்டோட நான் என்னத்தட்டி பேசன்னா.

போன கோடையில வயித்துல கட்டின்னுட்டாக. மதுரைக்குக் கொண்டுபோனா, வீட்டுலயே வச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாக. சுமை தூக்கப்புடாதுல்ல, இந்த ஓடையில கமிட்டி தடுப்பணை கட்டையில, செமெண்டுக்குத் தண்ணி தெளிக்க நின்னா. நான் மட்டும் மேல ஏறுவேன். கட்டிப்போட்டுட்டு, எவனாச்சும் ஆடு பத்திக்கிட்டு வரமாட்டானான்னு உக்காந்துருப்பேன். ஆளு வராத அன்னைக்குக் கட்ட அங்கனயே போட்டுட்டு வெறுங்கையா எறங்குவேன். வித்தாத்தான அடுப்பு எரியும்? அன்னைக்குப் பட்டினிதான்.

அய்யய்ய, கட்டத் தொடாதீங்க, சட்டை அழுக்காயிரும். தூக்கி விடவா உங்கள உக்காரச் சொன்னேன்? அதுக்கு அந்தா, ஓட வளைவுல கல்லு நிக்குது. ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு பலகக்கல்லு. கர மேட்டுல நின்னு கட்ட அதுமேல உருட்டிட்டு, சுத்தி வந்து கீழ நின்னு தலையக் குடுத்தாப் போதும். இப்ப ஒரு நாளும் பட்டினியில்ல. பேசத்தான் ஆளு இல்ல. அதான் தம்பி உங்களக் கூப்பிட்டேன்.

சுமதாங்கியா? செத்தவுகளுக்குத்தான் வைப்பாக, ஆமா. இது அவ உசுரோட இருக்கையிலயே அணை கட்டுன கொத்தனார்ட்டச் சொல்லி வைக்கச் சொன்னது. அவளப் பொதச்ச பொறவுதான் கொத்தனாரு எங்கிட்டச் சொன்னாரு. அவ ஒசரத்துக்கு வச்சிருந்தா எனக்கு எட்டுமா, சொல்லுங்க.

கடசியா எங்க வீட்டுக்கு வந்தா. நடக்க ஏலாம செவுத்தப் பிடிச்சுக்கிட்டு வந்தா. ஏட்டி அய்யம்மா, தலையில சும்மாட்ட வச்சு நேரா நில்லுன்னா. வலியில என்னமோ பினாத்துதான்னு நெனச்சு நின்னேன். வெறகு கட்டுற கயித்து நுனிய என் பெருவெரலுக்குக் கீழ மிதிக்கச் சொல்லி, சும்மாடு மட்டத்துக்கு இழுத்துப் பிடிச்சு, அங்கன ஒரு முடிச்சப் போட்டு, இடுப்புல செருகிக்கிட்டுப் போனா.