ஒசெல்லா குடிக்காத பால்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய போதகர் குரோவெல் அவர்களே, அன்னையர் குழுவின் தலைவி சிஸ்டர் வெர்பீனா ஸ்டோக்ஸ் அவர்களே, கப்பல் கட்டும் தளத்தில் என்னோடு தோளோடு தோள் நின்ற பழைய தோழர்களே, தோழியரே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஒசெல்லாவின் மகள் லொரீனே, உங்கள் எல்லோருக்கும் எஃப்ராம் டப்ஸின் வணக்கம்.

நான் இன்று தாளைப் பார்த்துப் பேசப் போகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சென்ற குளிர்காலம் வரை ஒரு தாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன் நான். இதே மண்டபத்தின் மாலை வகுப்பில்தான் எழுத்துக் கற்றேன். இந்த உரையை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்து மகிழ்ந்தேன். துக்கத்தின் நடுவே இப்படி ஒரு மகிழ்ச்சி வரலாமா? வந்துவிட்டது. மெதுவாகத்தான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஏன் எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்னை ஒசெல்லா பிராட்னாக்ஸ் போய்விட்டார். இந்தக் குழந்தைகள் காப்பகத்தை எழுப்பிய ஒசெல்லா போய்விட்டார். ரிச்மண்ட் கப்பல் தளத்தில் எங்கள் கறுப்பினப் பெண்களில் முதல் வரிசை வெல்டராக நின்ற ஒசெல்லா போய்விட்டார். மூச்சுக்குத் தவித்துப் போனார். அதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் லூசியானாவிலிருந்து வந்தபோது இரண்டாம் உலகப் போரில் நம் நாடு இறங்கி ஓராண்டு ஆகியிருந்தது. இடுப்பில் லொரீன். கையில் ஓர் அட்டைப்பெட்டி. கணவர் படையில் லாரி ஓட்டப் போயிருந்தார். அவர் திரும்பி வரவில்லை. அதுவரை ஒசெல்லாவுக்குத் தெரிந்த வேலை, பிறர் வீட்டுச் சமையலறைக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாகத் திரும்புவதுதான். கப்பல் தளத்தில் முன்வாசல் மட்டுமே இருந்தது. முதல் நாள் அந்த வாசலில் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் உள்ளே போனதாக என்னிடம் சொன்னார்.

உள்ளே எல்லாம் சமமாகவா இருந்தது? சங்கத்தில் எங்களிடம் சந்தா வாங்கினார்கள், ஓட்டுக் கொடுக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு துணைச் சங்கத்தை ஒதுக்கிவைத்தார்கள். யாருக்கும் பிடிக்காத வேலை எங்களுக்கு வந்தது. கப்பலின் அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே துத்தநாகம் பூசிய தகடுகள். அவற்றை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் மாலையில் குளிர்சுரம் கண்டவர்கள்போல நடுங்குவார்கள். ஒசெல்லா உள்ளே படுத்து வேலை செய்வார். நான் வெளியே நின்று அவருக்கு கேபிளை இழுத்து விடுவேன்.

தொட்டிக்குள் இறங்கும் வெல்டருக்கு உணவு வேளையில் ஒரு பாட்டில் பால் கொடுப்பார்கள். பால் நெஞ்சிலிருக்கும் புகையைக் கழுவி இறக்கிவிடும் என்று மேஸ்திரி சொன்னார். எல்லோரும் நம்பினோம். மருந்தைவிட அதிகமாக நம்பினோம். ஆனால் ஒசெல்லா மட்டும் தன் பாட்டிலைத் திறக்கவே மாட்டார். தோல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

“ஏன் சிஸ்டர், பால குடிக்காம எங்க கொண்டு போறீங்க? நெஞ்சுல பொக அடைச்சிக்கிட்டா நாளைக்கு யாரு இந்தத் தொட்டிக்குள்ள எறங்குறது?”

“நீ எறங்கு. உன் தொப்பை அந்த ஓட்டைக்குள்ள போயிடுச்சுன்னா, அன்னைக்கு நான் பால் குடிக்கிறேன்.”

அந்தப் பால் எங்கே போயிற்று? இங்கே வந்தது. இதே மண்டபத்துக்கு வந்தது. அந்த நாளில் இந்த ஊரில் கடைக்கு வந்த பால் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். எங்கும் ஜனம், எங்கும் டிரெய்லர் வீடு, பார்க்க ஆளில்லாத பிள்ளைகள். போருக்காகத் திறந்த காப்பகத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதும் இடமில்லை. சிஸ்டர் வெர்பீனாதான் இங்கே தரையில் கம்பளி விரித்து, ஷிஃப்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை வைத்துக்கொண்டார். சோள ரொட்டி இருந்தது. பால் இல்லை. ஒசெல்லாவின் பாட்டில்தான் முதலில் வந்தது. லொரீனுக்கு ஒரு வாய், அடுத்த குழந்தைக்கு ஒரு வாய். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் தங்கள் பாட்டிலில் பாதியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு மூடி போட்ட ஒரு வாளி எங்கள் தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

ஓக்லஹோமாவிலிருந்து வந்த டோவி என்ற வெள்ளைக்காரப் பெண் எங்கள் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்தார். எங்களிடம் பேசமாட்டார், நாங்களும் பேசமாட்டோம். தன் மகனைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருவார். ஒருநாள் வாளியின் முன் வந்து நின்று தன் பாட்டில் முழுவதையும் ஊற்றினார்.

“ஏம்மா, உங்க பசங்க இருக்கற எடத்துல என் பையனையும் விடலாமா? எங்க ஆளுங்க பாத்தா பேசுவாங்கதான். பேசட்டும்.”

ஒசெல்லா தலைக்கவசத்தைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

“பையன் கடிப்பானா?”

“கடிப்பான்.”

“அப்ப சரி. எங்க பசங்களும் கடிக்கும். கொண்டாந்து விடு.”

எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொன்ன ஊரில், அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டு என்று சொன்னவர் ஒசெல்லா. வேறு யாருக்கு அந்த மனம் வரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் தடித்த குழாய்கள் தளத்தில் இருந்தன. ஆனால் அவை எங்கள் தொட்டிப் பக்கம் வந்ததில்லை. ஒசெல்லா கேட்டார். மறுபடியும் கேட்டார். மேஸ்திரியின் பதில் எப்போதும் ஒன்றுதான். குழாய் அடுத்த கப்பலில் இருக்கிறது, நீ பாலைக் குடித்துவிட்டு இறங்கு. ஒருநாள் குழாய் வராமல் இறங்கமாட்டேன் என்று ஓட்டையின் வாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்து வெல்டிங் பிடியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் தளத்தைப் பெருக்கினார். பெருக்குகிறவருக்குச் சம்பளம் குறைவு, பால் கிடையாது. வாளி வற்றியது. இங்கே பிள்ளைகள் கேட்டு அழுதன. ஒசெல்லா மேஸ்திரியிடம் போய், குழாய் இல்லாமலே இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். கேபிளை இழுத்துவிட்டவன் நான்தான். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வரும். அது நிற்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

போர் முடிந்தது. ஊரே ஆடிப் பாடியது. அந்த வாரமே பெண்களை வரிசையில் நிற்கவைத்து அடையாள வில்லையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எங்கள் பெண்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். கப்பலைக் கட்டிய கைக்கு அடுத்து என்ன வேலை கிடைத்தது? மலைமேல் ஒரு வீட்டுச் சமையலறை. மறுபடியும் பின்வாசல். ஒசெல்லா போனார். காலையில் அங்கே பாத்திரம் கழுவினார். மாலையில் இங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்தார். காப்பகங்களுக்கு அரசாங்கம் கொடுத்த பணம் நின்றது. மற்ற இடங்கள் மூடப்பட்டன. இந்த இடம் மட்டும் மூடவில்லை. இருமிக்கொண்டே நடத்தினார்.

இப்போது லொரீனுக்கு வருகிறேன்.

லொரீன் வளர்ந்து பெரியவளானபோது, எங்களில் யாரோ அவளிடம் அந்தப் பால் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பாலைத் தொடுவதில்லை. காப்பியைக்கூடக் கறுப்பாகத்தான் குடிப்பாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தோம். ஒசெல்லா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாள்களில்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“டப்ஸ் மாமா, நான் குடிச்சது பால் இல்ல. எங்கம்மா மூச்சத்தான் குடிச்சிருக்கேன்.”

நானும் அப்படித்தானே நம்பியிருந்தேன். எழுந்து நேரே டாக்டரிடம் போனேன். அன்று ஒசெல்லா பாலைக் குடித்திருந்தால் இன்று பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் இளைஞர், என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை.

“பால் வயித்துக்குத்தாங்க போகும், நெஞ்சுக்குப் போகாது. ஒரு பண்ணையோட பால் மொத்தத்தையும் குடிச்சிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். அவங்களுக்கு வேண்டியிருந்தது பால் இல்ல, காத்து.”

நான் தாழ்வாரத்துக்குத் திரும்பியபோது லொரீன் குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஒசெல்லாவின் கட்டிலுக்குப் போய், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மூச்சுக் கருவி. கருவியைச் சற்று விலக்கினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“அப்ப நல்லதாப் போச்சு. நான் குடிச்சிருந்தா வீணாப் போயிருக்கும்.”

கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இன்னும் ஒன்று சொன்னார்.

“அவகிட்ட சொல்லிடு, எஃப்ராம்.”

மறுநாள் நான் லொரீனைத் தேடிப் போனேன். அதற்குள் வீட்டு வாசலில் ஜனம் கூடியிருந்தது. விடியும்போதே உயிர் போய்விட்டது. கதறிக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் பாதியில் உடைந்துபோயிருக்கும். அதனால்தான் தாளை எடுத்தேன். எழுதி வைத்தால் உடையாது அல்லவா?

லொரீன், தலையை நிமிர்த்து. நீ குடித்தது உன் தாயின் மூச்சு அல்ல. அவருடைய மூச்சை எடுத்தது அடுத்த கப்பலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அந்தக் குழாய். எங்கள் தொட்டிக்கு வரக் கூடாது என்று யாரோ முடிவுசெய்த அந்தக் குழாய். அன்று அவர் கையில் இருந்தவற்றில் உண்மையாகவே பயன்பட்டது அந்தப் பால் ஒன்றுதான். அது உன்னிடமும், டோவியின் மகனிடமும், இங்கே வளர்ந்து பெரியவர்களாகி உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் அதை வீணாக்கவில்லை.

அன்பு நெஞ்சங்களே, இந்தக் காப்பகத்தின் கதவு நாளைக் காலையில் திறக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. தாய் வேலைக்குப் போன எந்தப் பிள்ளையும் இங்கே பாலில்லாமல் இருக்காது. இந்த ஊரின் எந்தப் பட்டறையிலும், எந்தத் தொட்டியிலும், காற்றுக் குழாய் வராமல் யாரையும் இறங்கவிடமாட்டோம். ஓட்டையின் வாயில் ஒசெல்லா அன்று தனியாக உட்கார்ந்தார். இனி உட்கார வேண்டி வந்தால் நாம் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். இதைப் போதகர் முன்னிலையில் சொல்கிறேன். கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் என்னுடையது.

கூட்டம் முடிந்ததும் பின்னறையில் காப்பி இருக்கிறது. லொரீன், உன் கோப்பையில் நான் பால் ஊற்றுவேன். குடி, மகளே.