எதிர்ப்பக்கத்து ஷாட்

— அந்த உறையை எடுத்துட்டுப் போங்க டைரக்டரம்மா. என்னைச் சுட்டது யாருன்னு சொல்லுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்.

— ஃபாட் அண்ணே, செத்த மாதிரி நடிச்சவர் காசு வெச்ச சிவப்பு உறையை வாங்காம செட்டை விட்டுப் போனா என்ன ஆகும்? தீட்டு கழியலைன்னு நாளைக்கு லைட்பாய்கூட வரமாட்டான்.

— ஹாங்காங் சினிமாவுல வயசு பூராச் செத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாங்காம உக்காந்திருக்கேன். கத்தியோ துப்பாக்கியோ, இதுவரைக்கும் எவன் கொன்னான்னு தெரிஞ்சுதான் செத்திருக்கேன். இன்னிக்குக் காலையில ஒரே ஒரு பக்கத்தைக் கையில குடுத்தீங்க. மொழிபெயர்ப்பாளன் படகுத்துறையில நடந்து வர்றான், குண்டு படுது, விழறான். அவ்வளவுதான். நான் துரோகியா, நல்லவனா?

— தெரியாதுண்ணே.

— கதை எழுதினது நீங்கதானே?

— நான்தான். நாளைக்கு எதிர்ப்பக்கத்து ஷாட் எடுக்கணும், துப்பாக்கியோட நிக்கிற ஆளை. உடுப்புக்காரர் ரெண்டையும் தேய்ச்சு மாட்டியிருக்காரு. ஒண்ணு ஜப்பான் சிப்பாய் உடுப்பு, இன்னொண்ணு மலையில இருந்த கெரில்லாக்காரங்களோட கறுப்புத் துணி. எதுன்னு கேக்குறாரு. காலையில சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

— இதுல என்னம்மா குழப்பம்? காசு போடுறவர் கிட்ட கேளுங்க.

— அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கப்பாண்ணே, சண்டைக் காலத்துல ஜப்பான்காரங்க ஹாங்காங்கைப் பிடிச்சு வெச்சிருந்தப்ப அவங்க கிட்ட வேலை பார்த்தாரு. இதே சாய் குங் துறையிலதான் விழுந்தாரு. அப்ப எனக்கு மூணு வயசு. கெரில்லாக்காரங்க சுட்டிருந்தா அவர் துரோகி. ஜப்பான்காரன் சுட்டிருந்தா ரகசியமா நம்ம ஆளுங்களுக்கு உதவினவரு. சுட்டது நாங்க இல்லைன்னு ரெண்டு பக்கமும் சொல்லிட்டாங்க. ஊர்ல இன்னமும் பாதிப் பேர் எங்க குடும்பத்துல கல்யாணச் சாப்பாடு சாப்பிட மாட்டாங்க.

— அடக்கடவுளே. உங்கம்மா இருக்காங்கல்ல, கேக்கலாமே?

— கேக்காத நாளில்ல. அவங்கதான் கெரில்லாக்காரங்களுக்கு மலைமேல அரிசி சுமந்தவங்க. புருஷன் அந்தப் பக்கம், பொண்டாட்டி இந்தப் பக்கம், ஒரே அடுப்பு. அப்பா பேரை எடுத்தா மீன் கழுவப் போயிடுவாங்க.

— சரி, எழுந்து இப்படி நில்லுங்க. விழறதுல ஒரு கணக்கு இருக்கு, பாருங்க. முதுகுல குண்டு பட்டா நெஞ்சு முன்னால தள்ளும், கை பின்னால போகும். மார்புல பட்டா தோள் பின்னால போய் முட்டி மடியும். ரத்தப் பையை எனக்கு மார்புல கட்டச் சொன்னது யாரு?

— நான்தான். அப்பா உடம்பைக் குளிப்பாட்டின பெரியம்மா, காயம் மார்புலதான்னு சொன்னாங்க.

— அப்ப சுட்டவன் முன்னால நின்னிருக்கான். துறைக்கு ரெண்டு பக்கமும் தண்ணி. நடந்து வர்றவருக்கு முன்னால ஒரு ஆள் நிக்கணும்னா, கரையில நம்ம கேமரா நின்ன இடத்தை விட்டா வேற இடமே கிடையாது. பாருங்க, சினிமாவுலயும் அதான் வழக்கம். சுடுறவன் நிக்கிற இடத்துல கேமராவை வெச்சுத்தான் சாகுறவனை எடுப்போம்.

— நான் அப்படி யோசிச்சு வைக்கலைண்ணே.

— இருங்க. ஜப்பான் காவலாளி எதிர்ல நின்னா எல்லாரும் இடுப்பு வரைக்கும் குனியணும், இல்லைன்னா கன்னத்துல விழும். குனிஞ்ச ஆளுக்கு மார்புல எப்படிப் படும்? கெரில்லாக்காரன்னா இவர் தண்ணியில குதிச்சிருப்பாரு. நீச்சல் தெரியுமா?

— மீனவர் வீட்டுப் பிள்ளைண்ணே.

— குனியவும் இல்ல, குதிக்கவும் இல்ல. நிமிர்ந்து நேரா வந்திருக்காரு. அப்படின்னா எதிர்ல நின்னது ஜப்பான்காரனும் இல்ல, கெரில்லாக்காரனும் இல்ல. அவர் பார்த்துப் பயப்படத் தேவையில்லாத ஆளு. எனக்கே இன்னிக்குக் கால் அப்படித்தான் போச்சு. வீட்டுக்கு வர்ற மாதிரி நடங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

— அது அம்மா சொன்னது. வீட்டுக்கு வர்ற மாதிரி வந்தாருன்னு ஒரு தடவை சொன்னாங்க, அதோட சரி.

— பாத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்? கேமராவுக்கு அந்த இடம் எப்படிம்மா தோணுச்சு உங்களுக்கு?

— எனக்குத் தோணலைண்ணே. போன வாரம் அம்மாவை இங்க கூட்டிட்டு வந்து, அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு கேட்டேன். செருப்பைக் கழட்டிட்டு அவங்க போய் நின்ன இடத்துலதான் கேமராவை வெச்சேன்.